நசரத்பேட்டைப் பக்தவத்சலனார்

பெரியோர் சரிதம் எழுதப் புகுவோர், யாவரும் புகழும் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் பிறந்த நாள் தொட்டு மறைந்த நாள் வரை நிறைவேயன்றிக் குறை காணாது எழுதி முடித்தல் நம் மலரின் தமிழ்ப் பகுதியில் நெடுநாளைய வழக்கம். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அத்தகையார் ஒருவரைப் பற்றியதன்று. என் பாட்டியார் இன்றளவும் மன்னியாத ஒருவரைப் பற்றியது. இளமையில் யான் சோற்றைச் சிந்தும்போதெல்லாம் பாட்டியார் ஒரு பெயரைச் சொல்லி, அவர் ஆண்ட நாளில் பிறந்திருந்தாயாயின் சோற்றின் அருமை தெரிந்திருக்கும் என்று கடிவார். பக்தவத்சலம் என்னும் அப்பெயர் ஒரு மனிதருடையது என்பதனையே யான் பின்னர்த்தான் அறிந்தேன். பஞ்சத்திற்கு ஒரு மறுபெயர் போலும் என்று எண்ணியிருந்தேன். அம்மனிதர் எம் ஊர்ப்பக்கத்தவரே என்பதும், சென்னை மாநிலத்தின் நிதியைக் காத்தவரும் பின் முதலமைச்சராய் அமர்ந்தவரும் அவரே என்பதும் கல்லூரிக்கு வந்த பின்னரே தெரியலாயின.

பூந்தமல்லியினின்று மேற்கே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் நசரத்பேட்டை வரும். வேதம் பயின்றார் செவிக்கு அப்பெயர் கலிலேயா நாட்டுச் சிற்றூர் ஒன்றனை நினைவூட்டும். எம் பேருந்து நடத்துநரோ அதனை இன்னும் சுருக்கிக் கூவி, இறங்குவோரை விரைவுபடுத்துவார். ஊரைக் கடந்தவுடன் செம்பரம்பாக்கம் ஏரியின் நெடுங்கரை தோன்றும். அந்நாளில் அவ்வேரி நீரை நம்பி நெல் விளைந்தது. ஏரி நிறைந்த ஆண்டு களம் நிறையும், ஏரி வறண்ட ஆண்டு களமும் வறளும். இக்கணக்கு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எண்சுவடிக்கு முன்னரே தெரிந்திருக்கும். நம் சரிதத் தலைவர் இவ்வூரிலே 1897ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் பிறந்தார்.

தந்தையார் கனகசபாபதி முதலியார், தாயார் மல்லிகம்மாள். பெயரின் முன் நிற்கும் எழுத்து மீஞ்சூரைக் குறிப்பது. ஐந்து வயதிலே தந்தையை இழந்த சிறுவரை மாமன்மார் வளர்த்தனர். அவருள் முத்துரங்க முதலியார் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவராய், டில்லிச் சட்டசபையிலும் அமர்ந்தவர். வேலூரில் அவர் பெயர் தாங்கிய அரசு கல்லூரியை நம்முள் பலர் அறிவர். எனவே அரசியல் என்பது இவருக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்த கல்வி. சென்னையில் பயின்று சட்டக் கல்லூரியில் தேறி, 1923இல் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராய்ப் பதிவுசெய்துகொண்டார். காந்தியடிகளின் இயக்கம் வலுத்த காலம் அது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டதும், 1932ஆம் ஆண்டு சனவரி 26இல் சுதந்திர நாள் கொண்டாடி ஆறு திங்கள் சிறைப்பட்டதும், 1940இலும் 1942இலும் மீண்டும் சிறை புகுந்ததும் அக்காலத் தொண்டர் பலர்க்கும் பொதுவான வரலாறாதலின் அவற்றை விரிக்காது விடுகின்றேன். எனக்கு வேண்டுவது பணப்பெட்டியின் கதை. அது 1937இல் தொடங்குகின்றது.

அவ்வாண்டு தேர்தலில் திருவள்ளூர்த் தொகுதியினின்று சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட பக்தவத்சலனார், இராஜாஜி அமைத்த அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சருக்குப் பாராளுமன்றச் செயலாளர் ஆனார். காங்கிரசு மக்களுக்குக் கொடுத்திருந்த வாக்குகளுள் மதுவிலக்கு முதன்மையானது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு என மதுவிலக்கு விரிந்தது. கடையை மூடுவது எளிது. மூடிய கடை தந்துவந்த பணத்திற்கு எங்கே போவது? கள், சாராயம் இவற்றின் வரி மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்தில் நான்கு மைந்தர் ஈட்ட, அவருள் ஒருவன் தீய தொழிலால் ஈட்டுகின்றான் என்று தந்தை அவனை அத்தொழிலினின்று விலக்கினால், மறுநாள் உலையில் இடும் அரிசி குறையுமன்றோ! அக்குறையை நிரப்ப இராஜாஜி கண்ட வழியே 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரி. இந்திய நாட்டில் அத்தகைய பொதுவான வரி அதுவே முதலாவது.

வணிகர் கொதித்தெழுந்தனர். குடியாதவன் எதற்காகக் குடிகாரனுடைய வரியைச் செலுத்த வேண்டும் என்னும் வினா எங்கும் எழுந்தது. காங்கிரசு உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியில் விடை சொல்லவேண்டிய வினா அது. நாற்பது வயதினரான திருவள்ளூர் உறுப்பினர் தம் அரசியல் வாழ்வின் தொடக்கத்திலேயே கற்ற பாடம் இது: அரசு ஓர் அறத்தைச் செய்யின் அதற்குரிய விலையை யாரேனும் ஒருவர் கொடுத்தே தீரவேண்டும், அவ்விலை இன்னது என்று மக்களிடம் முன்னரே கூறல் வேண்டும். இப்பாடத்தின் முற்பகுதியை அவர் இறுதிவரை மறந்திலர். பிற்பகுதியில் அவர் எவ்வளவு தேர்ச்சியுற்றார் என்பதனையே பின்னர்க் காணப்போகின்றோம்.

இடைப்பட்ட இருபதாண்டுகளை விரைந்து கடக்கலாம். 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகிற்று. போருக்குப் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் இவர் பொதுப்பணித் துறையை ஏற்றார். கீழ்ப் பவானி அணையின் வேலை தொடங்கியது அக்காலத்தே. 1948இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நிறைவுற்றபோதும் இவர் அமைச்சர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அமைச்சர் பலர் வீழ்ந்தனர்; இவரும் வீழ்ந்தார். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் மீண்டும் அமைச்சரவை புகுந்தார். 1957இலும் 1962இலும் தம் பிறந்த ஊரின் மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் வெற்றி பெற்றார். 1955 சனவரியில் எம் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடி, சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானித்ததனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அத்தீர்மானத்தின் செலவுக் கணக்கு ஏழாண்டு கழித்துத் தம் மேசைக்கு வரும் என்று பக்தவத்சலனார் அன்று எண்ணியிருப்பாரோ, அறியேம்.

1962இல் அவர் நிதியமைச்சரானார். சி. சுப்பிரமணியம் பத்தாண்டுகள் பார்த்துவந்த பொறுப்பு அது. இவ்விடத்தே மாநில அரசின் பணப்பெட்டி எவ்வாறு நிறைகின்றது என்பதனைச் சிறிது கூறுதல் வேண்டும். நம் தமிழ் வகுப்பார்க்கு இஃது அத்துணைப் பழக்கமில்லாத பொருள். மைய அரசு நாணயம் அடிக்கும். மாநில அரசு அடிக்கமாட்டாது. விற்பனை வரி, நிலவரி, முத்திரைத்தாள், வண்டி வரி ஆகியவை மாநிலத்தின் சொந்த வருவாய். வருமான வரி முதலியன டில்லியில் திரண்டு, நிதிக்குழு வகுத்த பங்கின்படி திரும்பி வரும். மேலும் வேண்டுமாயின் கடன். பெருந்தொழிலுக்கும் அணைக்கும் வாங்கிய கடன் நாளை விளைவு தரும். அன்றாடச் சோற்றுக்கு வாங்கிய கடன் வட்டியை மட்டுமே தரும். செலவோ வளர்ந்துகொண்டே இருந்தது. காமராசர் தொடங்கிய மதிய உணவும் கட்டணமில்லாக் கல்வியும் ஆண்டுதோறும் புதிய பள்ளிகளையும் புதிய ஆசிரியரையும் வேண்டின. இவற்றுள் ஒன்றையும் குறைக்கப் பக்தவத்சலனார் துணிந்திலர். துணிந்திருப்பின் நம் பெற்றோருள் பலர் எழுத்தறிந்திரார்.

அவ்வாண்டு இறுதியில் சீனப் போர் மூண்டது. 1963 அக்டோபர் 2இல் காமராசர் கட்சிப்பணிக்காகப் பதவி துறக்க, பக்தவத்சலனார் முதலமைச்சரானார். 1964 மே திங்களில் நேரு மறைந்தார். அதே ஆண்டில், 1957 முதல் தென் மாநிலங்கள் நான்கனையும் ஒன்றாய் இணைத்திருந்த அரிசி வட்டாரம் கலைந்தது. இதன் பொருள் எளியது. ஆந்திர நாட்டினின்று சென்னைக்கு வழக்கமாய் வந்துகொண்டிருந்த நெல்லும் அரிசியும், வணிகன் விரும்பியவாறு எல்லை கடந்து வருதல் நின்றது. இனி அரசும் அரசும் பேசித்தான் மூட்டை நகரவேண்டும். 1965இல் பாகிஸ்தானத்துடன் போர். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் நாட்டின் பெரும்பகுதியில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல்களில் கோதுமை வந்திறங்கிற்று. 1966 சூன் திங்களில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டமே தொடங்கமாட்டாது ஒத்திவைக்கப்பட்டது. டில்லியில் உணவமைச்சராய் இருந்தவர் நம் மாநிலத்தவராகிய சி. சுப்பிரமணியமே, எனினும் வடக்கே பீகாரில் பஞ்சம் வாயைப் பிளந்து நிற்க, அவர் தம் பழைய தோழர்க்கு மட்டும் அளந்து கொடுக்க இயலுமோ?

இந்நிலையில் எம் பக்கத்து ஊர்களின் நிலைமையைத் தனியே கருதல் வேண்டும். ஆவடியில் 1961இல் படைக்குரிய கனவண்டித் தொழிற்சாலை தோன்றி, 1965 இறுதியில் அதன் முதல் டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை முன்னரே இருந்தது; 1964இல் தொழிற்பேட்டையும் எழுந்தது. ஒரு தலைமுறைக்கு முன் நெல் விளைத்தவர் மக்கள் இப்போது மாதச் சம்பளம் வாங்கி நெல்லை விலைக்குக் கொள்பவராயினர். விளைப்பவனுக்கு விலை ஏறினால் மகிழ்ச்சி, கொள்பவனுக்கோ இடி. பூந்தமல்லிக்கு மேற்கே விளைப்பவனும், கிழக்கிலும் வடக்கிலும் கொள்பவனும் வாழ்ந்தனர். அரசோ உழவரிடமும் ஆலைக்காரரிடமும் குறித்த விலைக்கு நெல்லைக் கொள்முதல் செய்து, பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுத்தது. உழவன் விலை குறைவென்று சினந்தான். ஆலைத் தொழிலாளி அளவு குறைவென்று சினந்தான். இருவரையும் ஒருங்கே பகைத்துக்கொள்ளும் அரும்பெருஞ் சூழ்ச்சி இதனினும் வேறு இல்லை. ஆயினும் வேறு வழி இன்னதென்று அந்நாளில் எதிர்த்தாருள்ளும் ஒருவர் கணக்குடன் காட்டியதாக யான் கண்டிலேன்.

என் பாட்டியார்க்கு அப்போது பதினான்கு வயது. ஆவடியில் தந்தையார் ஆலைக்குச் சென்ற பின், அட்டையும் பையும் எடுத்துக்கொண்டு கடை திறக்குமுன் சென்று நிற்பது அவர் வேலை. தம் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்து தங்கையை நீராட்டி மீண்டும் சென்று நிற்பாராம். கல்லுக்கும் வரிசையில் மதிப்புண்டு என்றும், கல்லை நகர்த்தியவரோடு பெரும்பூசல் விளையும் என்றும் கூறுவார். தம் முறை வருகையில் அரிசி தீர்ந்து கோதுமை மட்டும் எஞ்சிய நாள்கள் உண்டு. கோதுமையை என் செய்வதென்று அந்நாளில் எம் வீட்டார் ஒருவர்க்கும் தெரியாது. அரைத்துக் கூழாக்கினர், உடைத்துச் சோறாக்கினர், உண்ட பிறகும் உண்டதாகத் தோன்றவில்லை என்பர். திங்கட்கிழமை மாலை உணவை விடுமாறு பிரதமர் சாஸ்திரியார் நாட்டினரை வேண்டினார் அன்றோ? ஏனைய நாள்களிலும் விட்டவரிடம் அவ்வேண்டுகோள் எவ்வாறு சென்றிருக்கும் என்பதனை எண்ணிப் பார்க்கலாம்.

பக்தவத்சலனாருக்கு இந்நிலை தெரியாததன்று. தெரிந்ததனை அவர் மறைத்தாருமல்லர். நெல் இவ்வளவே உளது, பணம் இவ்வளவே உளது, மழை பெய்து அறுவடை வரும்வரை பொறுத்தல் வேண்டும் என்பதே சட்டமன்றத்திலும் வெளியிலும் அவர் நிலை. வழக்கறிஞர் மன்றில் ஆவணத்தை எடுத்து வைப்பது போல எண்களை எடுத்து வைப்பது அவர் இயல்பு. நெடிது பேசார், நகைச்சுவை மிகார், கூட்டத்தைக் கண்டு குரலை உயர்த்தார். வெண்கதரும் நிமிர்ந்த நடையும் அளந்த சொல்லுமாய் அவர் வரும்போது அதிகாரிகள் மதித்தனர். மக்கள் மதித்தனரேனும் நெருங்கினாரல்லர். காமராசர் ஒரு சிற்றூர்த் தெருவில் நின்று, சொல்லை முடிக்காமலே பொருளை விளங்கவைப்பவர். அண்ணாதுரையார் நள்ளிரவில் பேசத் தொடங்கினும் கூட்டம் கலையாது. இவ்விருவரிடையே கணக்குப் புத்தகத்துடன் நின்றவர் இவர். பசித்தவன் செவியில் கணக்கு ஏறாது என்பதனைப் பூந்தமல்லிச் சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டியும் அறிவாள். அஃது உண்மைக் கணக்காயினும் ஏறாது. இதனை அவர் அறியாமல் இருந்தாரோ, அறிந்தும் வேறு வகையாய்ப் பேசத் தம் நாவுக்கு வரவில்லையோ, யான் துணிந்து கூறமாட்டேன். பின்னதே உண்மையாகலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒன்று மட்டும் கூறல் வேண்டும். பணம் வேண்டிய அவ்வாண்டுகளில் கைக்கெட்டும் தொலைவில் ஒரு வழி இருந்தது. மதுவிலக்கைத் தளர்த்தினால் பணப்பெட்டி ஓராண்டிலே நிறையும். பிற மாநிலங்கள் சில அதனைச் செய்யத் தொடங்கியிருந்தன. 1937இல் கள்ளுக்கடை மூடிய அமைச்சரவையில் பணிபுரிந்த அவர், 1967இல் பதவி விட்டு இறங்கும்வரை அக்கதவைத் திறந்திலர். எளிய பணத்தை வேண்டாவென்று தள்ளிவிட்டு, அருமையான பணத்திற்காக ஏச்சுக் கேட்டார். இதனை என் பாட்டியார்க்குக் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். அவர் தந்தையார் குடித்தவரல்லர். ஆனால் அண்டை வீடுகளின் நிலைமையை அவர் அறிவார்.

அரிசியோடு மொழியும் சேர்ந்துகொண்டது. 1965 சனவரியில் இந்தி ஆட்சிமொழியாகும் நாள் நெருங்க, மாணவர் தெருவில் இறங்கினர். அரசு காவலரைக் கொண்டும், பின்னர்ப் படையைக் கொண்டும் அடக்க முயன்றது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அரசுக் கணக்கின்படியே அத்தொகை ஏறத்தாழ எழுபது. நம்மை ஒத்த வயதினர் அவர். இதனைச் சரிதத் தலைவர் மீதுள்ள பரிவால் மழுப்பிவிட யான் விரும்பவில்லை. சட்டம் ஒழுங்கு என்னும் கண்ணாடி வழியே மட்டும் அவர் அக்கிளர்ச்சியைக் கண்டார்; அதன் உள்ளே இருந்த துயரைக் கண்டிலர். பின்னாளில் இந்தி எதிர்ப்பின் பொருந்தாமை பற்றி நூலொன்றும் எழுதினார் எனின், அவர் உள்ளம் இறுதிவரை மாறவில்லை என்பது வெளிப்படை. நிதிக் கணக்கில் பெருமையாய் நின்ற அதே உறுதி, ஈண்டுப் பெரும்பிழையாயிற்று. ஒரே குணம் இரண்டிடத்தும் செய்தவை இவை.

1967 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. எதிரணியில் தி.மு. கழகத்துடன் கைகோத்து நின்றவர் யார்? தொண்ணூறை நெருங்கிய இராஜாஜி! முப்பதாண்டுக்கு முன் பக்தவத்சலனார்க்குச் சட்டசபையில் முதற்பணி தந்தவர் அவரே. ஊர்வலங்களில் இளைஞர், பக்தவத்சலனாரை அண்ணாச்சி என்று விளித்து அரிசி விலையின் கதி என்னவென்று எதுகை மோனையுடன் வினவிச் சென்றனர். அவ்வினா சென்னையின் மேற்குப் புறநகரெங்கும் குழந்தைகள் வாயிலும் ஒலித்தது. என் பாட்டியார் இன்றும் இசையோடு சொல்லிக்காட்டுவார். மறுபுறம், ஆட்சிக்கு வந்தால் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று கழகத்தார் உறுதி கூறினர். பத்துப் பக்கக் கணக்குக்கு எதிரே நான்கு சொல்லாலான உறுதிமொழி. வெற்றி எதற்கென்று கூறவேண்டுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சரே தோற்றார். கழகத்து இராசரத்தினம் வென்றார். விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். 234 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐம்பது. செய்தி வந்தபோது பக்தவத்சலனார், நாட்டில் நச்சுக்கிருமி பரவிவிட்டது என்னும் பொருள்படக் கூறினார். ஐம்பதாண்டுக்கு மேலாகியும் தமிழ்நாட்டு மேடைகளில் அச்சொல் அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுகின்றது. அளந்து பேசுபவர் வாழ்நாளில் ஒருமுறை அளவு தவறினார், அவ்வொன்றே நிலைத்தது. வாக்களித்தவர்மேல் அது சொல்லப்பட்டதாயின் நேர்மையன்று. அவருள் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். மார்ச்சு 6இல் அவர் பதவி விட்டார். அதன்பின் தமிழ்நாட்டில் காங்கிரசு முதலமைச்சர் ஒருவரும் வரவில்லை.

கதை ஈண்டு முடிந்ததாகப் பலர் எழுதுவர். எனக்கோ அதன் அடுத்த சில திங்களே மிகுதியும் நினைக்கத்தக்கனவாய்த் தோன்றுகின்றன. அண்ணாதுரையார் முதலமைச்சராகி, நிதியையும் தாமே ஏற்றார். பக்தவத்சலனார் விட்டுச்சென்ற அதே பெட்டி, அதே சாவி. உள்ளே இருந்த பணமும் அதுவே. யான் ஒரு சிறு கணக்கு இட்டுப் பார்த்தேன். படி ஒன்றுக்கு அரசுக்கு நேரும் இழப்புக் கால் ரூபாய் என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு படி வீதம் பத்து இலட்சம் குடும்பங்களுக்கு அளப்பதாக வைப்போம். நாளைக்கு இரண்டரை இலட்சம் ரூபாய்; ஆண்டுக்கு ஒன்பது கோடியைத் தாண்டும். இவை யான் கற்பித்துக்கொண்ட எண்களே. ஆயினும் இடர் எவ்வளவு பெரிதென்பதற்கு அளவுகோலாகும். மூன்று படி என்னும் உறுதி ஒரு படியாயிற்று. அதுவும் 1967இல் சென்னை நகரத்திலும் கோயம்புத்தூரிலுமே தொடங்கிற்று. மாநிலம் முழுவதும் விரிக்கப் பணம் இடங்கொடுக்கவில்லை. மூன்று படி குறிக்கோள், ஒரு படி உறுதி என்று அண்ணாதுரையார் அதனை மக்களிடம் விளக்கினார், மக்களும் பொறுத்துக்கொண்டனர். முன்னவரிடம் பொறாத அதே மக்கள்! ஒருவர் கொடுக்க இயலாது என்பதனைக் கணக்கால் கூறினார். மற்றவர் அதனையே அன்பால் கூறினார். குறைந்தது ஒரு படியேனும் உலையில் விழுந்தது என்பதனையும் மறத்தலாகாது. கணக்கு மட்டும் கேட்டவர்க்கு அதுவும் விழவில்லை.

நான்காண்டு கழித்து, 1971இல், கருணாநிதியாரின் அரசு நிதி நெருக்கடியைக் காட்டி மதுவிலக்கை ஒத்திவைத்தது. முதுமையின் எல்லையில் நின்ற இராஜாஜி முதலமைச்சரின் இல்லத்திற்கே சென்று வேண்டியும் பயன் விளையவில்லை. அந்நாளில் பக்தவத்சலனார் எவ்வதிகாரமும் இல்லாது தம் இல்லத்தில் இருந்தார். எந்தக் கதவைத் திறவாது காத்தாரோ அது திறந்தது.

பின் இருபதாண்டுகள் அவர் பெரிதும் ஒதுங்கி வாழ்ந்தார். மகளார் சரோஜினி வரதப்பன் சமூகத் தொண்டில் பெயர் பெற்றார். பேத்தியார் ஜெயந்தி நடராஜன் பாராளுமன்றம் புகுந்து மைய அமைச்சரும் ஆனார். முதலமைச்சராய் இருந்தவர் செல்வம் திரட்டினார் என்று பகைவரும் அவரைப் பற்றிக் கூறியதாக யான் கேட்டதில்லை. 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தொண்ணூறு நிறையுமுன் மறைந்தார். கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே, இராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவிடங்கள் உள்ள அதே வளாகத்தில் அவருக்கும் ஒன்று உளது. காமராசர் நினைவிடத்தே பள்ளிப் பிள்ளைகள் வரிசையாய் நிற்பதைக் கண்டேன். இவர் நினைவிடத்தே யான் சென்ற நாளில் யானும் காவலரும் மட்டுமே இருந்தோம். அம்பத்தூரை அடுத்த கொரட்டூரில் அவர் பெயரால் மகளிர் கல்லூரி ஒன்று நடைபெறுகின்றது. எம் தெருப் பெண்கள் சிலர் அங்கே பயில்கின்றனர். அவருள் ஒருவரிடம் அக்கல்லூரியின் பெயருக்குரியவர் யாவர் என்று வினவினேன். ஊர்ப் பெருஞ்செல்வர் ஒருவராயிருக்கலாம் என்று விடை வந்தது.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் பாட்டியார்க்குப் படித்துக்காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். பக்தவத்சலனாரைப் பற்றி நல்லதாகவோ தீயதாகவோ ஒன்றும் கூறினாரல்லர். கோதுமையைப் பற்றி யான் எழுதியது மட்டும் தவறு என்றார். உடைத்து நன்றாய் வேகவைத்து மோர் ஊற்றிக் கொடுத்தால் தங்கை விரும்பி உண்பாளாம். நாற்றம் அடித்தது அந்நாளைய பங்கீட்டு அரிசிதானாம். அதனைத் திருத்தி எழுதுமாறு பணித்தார், எழுதிவிட்டேன்.